14416-க்குப் பேச ஒரு மொட்டைமாடி வேண்டும்

நான் சாதாரணமாக ரிவியூ எழுதுவது பிரிண்டருக்கும் லேமினேஷன் மெஷினுக்கும்தான். சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், பத்தாயிரம் பக்கம் வரும் என்று அட்டையில் போட்டுவிட்டு ஆறாயிரத்திலேயே படுத்துக்கொள்கிற டோனர் எது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். இந்த முறை எழுதப் போவது, ஒரு ரூபாய் ஃபீஸ் கொடுக்காமல் நாங்கள் ஐந்து மாதமாகப் பயன்படுத்தும் அரசு மனநல சேவையைப் பற்றி, அதாவது 14416 என்ற உதவி எண்ணும் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவும். காசு கொடுக்காததற்கு ரிவியூ எழுதலாமா என்று கொஞ்சம் தயக்கம் இருந்தது. அப்புறம் யோசித்தால், மிக்ஸி சரியில்லை என்றால் கடைக்காரரோடு சண்டை போடலாம், பக்கத்து வீட்டில் எந்த கம்பெனி என்று விசாரிக்கலாம். மனசு சரியில்லாத பையனை எங்கே கூட்டிப்போவது என்று யாரிடம் விசாரிப்பது? நாங்கள் யாரிடமும் கேட்காமல்தான் மூன்று மாதத்தை வீணடித்தோம்.

ஊர்ப் பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் தம்பி யார் என்று தெரிந்துவிடும். தென்மாவட்டம், மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே வருகிற ஊர், அவ்வளவு போதும். எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "பேரைப் போடாம எழுதுக்கா, ஆனா நான் அழுததை மட்டும் போட்றாத" என்றான். சரி, போடவில்லை.

தம்பிக்கு இருபது வயது. இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், வெளியூரில் ஹாஸ்டல். பொங்கல் லீவுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. முதலில் காய்ச்சல் என்றான், அப்புறம் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றான், பிப்ரவரி பாதியில்தான் நாலு அரியர் என்று தெரிந்தது. பகலெல்லாம் படுக்கை, ராத்திரியெல்லாம் முழிப்பு. குளிக்கச் சொன்னால் கோபம். அவனுக்குப் பிடித்த மீன்குழம்பை வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. கிரிக்கெட் மட்டையைக் கொண்டுபோய் மொட்டைமாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போட்டிருந்தான், மழையில் நனைந்து கைப்பிடி ரப்பர் உரிந்து கிடந்தது, அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் முறையாக வயிற்றைக் கலக்கியது. வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தோம். அப்பாவுக்கு செல்போன், அம்மாவுக்குக் கண்ணேறு, சித்தப்பாவுக்கு ஏதோ ஒரு பொண்ணு, எனக்கு சோம்பேறித்தனம். ஆமாம், நானும்தான். மந்திரித்துத் திருநீறு போட்டோம், கயிறு கட்டினோம், குலதெய்வம் கோயிலுக்கு வேன் பிடித்துப் போய்ப் பொங்கல் வைத்தோம். வேன் வாடகை 3,500 ரூபாய்.

அடுத்து கல்லூரியில் மாணவர் ஆலோசனைப் பிரிவு என்று ஒன்று இருக்கிறதே என்று போனில் கேட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்லூரி பேர் வேண்டாம். உள்ளே உட்கார்ந்திருந்தவர் கணக்கு வாத்தியார், அவருக்குக் கூடுதல் பொறுப்பாம். தங்கமான மனுஷன்தான், ஆனால் எடுத்த எடுப்பில் அட்டெண்டன்ஸ் எத்தனை சதவீதம் என்று கேட்டார், பிறகு அவருடைய அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கவைத்தார் என்று சொன்னார். இருபது நிமிஷம். மறுநாள் காலையில் துறைத்தலைவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அதற்கு மறுநாள் வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்புக்கே தெரிந்திருந்தது. அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவன்தான், பிறகு எங்களிடமும் பேசவில்லை.

பிறகு டவுனில் ஒரு தனியார் கிளினிக். ஃபீஸ் 800, உள்ளே இருந்தது ஏழு நிமிஷம் (வெளியே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்ததால் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்). தூக்கம் வருதா, பசிக்குதா என்று இரண்டு கேள்வி, மூன்று வகை மாத்திரை, ஒரு மாதத்துக்கு 1,400 ரூபாய். என்ன நோய் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. முதல் நாளே வயிற்றைப் புரட்டியது, நாலாம் நாள் நிறுத்திவிட்டான். அப்படி புரட்டும், ஒரு வாரத்தில் அடங்கும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் தொடர்ந்திருப்பான். அந்த ஒரு வரியைப் பின்னால் இலவச ஆஸ்பத்திரியில்தான் கேட்டோம்.

14416 என்ற எண் எனக்கு முன்பே தெரியும், அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஒரு பள்ளிக்கூட டீச்சர் அந்த எண்ணைப் பெரிதாகப் போட்ட போஸ்டர் நாற்பது காப்பி கலரில் எடுத்துப் போனார், ஏ3 அளவு, நான்தான் ஓரம் வெட்டிக் கொடுத்தேன். நாற்பது முறை அந்த எண் என் கையில் வந்துபோயிருக்கிறது. ஏப்ரலில் ஒருநாள் ராத்திரி, அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு "நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது" என்று, கோபமே இல்லாமல், மழை வருமா வராதா என்று பேசுகிற குரலில் சொன்னான். சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். நான் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய ஃபைலைத் திறந்து எண்ணை எடுத்தேன். மணி பதினொன்றே முக்கால்.

எல்லாரும் நினைப்பதுபோல பாதிக்கப்பட்டவர்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை, வீட்டுக்காரர்களும் கூப்பிடலாம். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது, தமிழ் என்று அழுத்தினேன், ஒரு பெண் எடுத்தார். ஆதார் கேட்கவில்லை. பேர், வயது, எந்த மாவட்டம் என்பதோடு சரி. நான் மூன்று மாதத்தை மூச்சுவிடாமல் கொட்டினேன், நடுவில் அவர் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை, லைன் கட்டாகிவிட்டதோ என்று நானே இரண்டு தடவை "ஹலோ" சொன்னேன். "இருக்கேன்மா, சொல்லுங்க" என்றார். எல்லாம் முடிந்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, தம்பி சாக வேண்டும் என்று எப்போதாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறானா, அவனிடம் நீங்கள் நேரடியாகக் கேட்டிருக்கிறீர்களா என்பது. தூக்கிவாரிப்போட்டது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகாதா என்றேன். ஆகாது, கேட்டால் பெரும்பாலும் அவர்களுக்குப் பாரம் இறங்கியது போலத்தான் இருக்கும் என்று பொறுமையாக விளக்கினார், எப்படிக் கேட்பது என்று வார்த்தையோடு சொல்லிக்கொடுத்தார். ராத்திரி யார் பக்கத்தில் படுக்கிறார்கள், வீட்டில் ஆபத்தான பொருள் ஏதாவது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று விசாரித்து அவற்றை இப்போதே எடுத்து வைக்கச் சொன்னார். கணக்கு வாத்தியாரும் கேட்காதது, 800 ரூபாய் டாக்டரும் கேட்காதது.

இரண்டு நாள் கழித்துத் தம்பியே கூப்பிட்டான். கெஞ்சிக் கூத்தாடித்தான். டெலிவரி ஆள் கூப்பிட்டாலே எடுக்காத பையன், அவன் வயதுப் பிள்ளைகளுக்குப் போனில் பேசுவதே ஒரு வேலை. டேங்குக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்தான், நான் மாடிப்படியில், குரல் கேட்கும், வார்த்தை கேட்காது, அப்படி ஒரு தூரத்தில். முப்பத்தெட்டு நிமிஷம் பேசினான். நடுவில் ஒருமுறை சிரித்தான். கீழே இறங்கி வந்தவன், "அட்வைஸே பண்ணலக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

இது என்ன ஏற்பாடு என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 14416-க்குப் பின்னால் இருப்பது டெலி மானஸ் என்ற மத்திய அரசின் திட்டம், 2022 பட்ஜெட்டில் அறிவித்து அதே வருஷம் அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. பெங்களூருவில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் தலைமை வகிக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பேர் வைத்திருக்கிறார்கள், நல்ல பேர், ஆனால் அந்தப் பேர் என் கடைக்கு வருகிற ஒருவருக்கும் தெரியவில்லை, எண்தான் தெரிகிறது. 24 மணி நேரமும் உண்டு, 20 மொழியில் உண்டு, அழைப்புக்குக் கட்டணம் கிடையாது. முதலில் எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள், அவர்கள் பேசிப்பார்த்து மருந்தோ டாக்டரோ வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த படிக்கு, அதாவது மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ வழி காட்டுவார்கள். இதுவரை வந்த அழைப்புகள் இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டன. 104 மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை உண்டு, அதை நாங்கள் பயன்படுத்தவில்லை, அதனால் அதற்கு மார்க் போட மாட்டேன்.

இப்போது குறை. இதைச் சேவையின் குறை என்று சொல்வதைவிட எங்கள் வீட்டின் குறை என்று சொல்லலாம். எங்களுக்கு இரண்டு அறை, ஐந்து பேர். தனியாகப் பேச மொட்டைமாடி இருந்தது, அதுவும் எங்கள் சொந்த வீடு என்பதால். வாடகைக்கு இருப்பவர்களுக்கு மாடிச் சாவியே கிடைக்காது. ஹாஸ்டலில் அறைக்கு நாலு பேர் என்றால் எங்கே நின்று பேசுவது? பையன்களாவது கிரவுண்டுக்கு நடந்து போகலாம், ஒரு பொண்ணு ராத்திரி பதினொரு மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால், யாரிடம் பேசினாய் என்ற விசாரணைக்கே தனியாக ஒரு கவுன்சிலர் வேண்டும். என் கடைக்கு வருகிற காலேஜ் பொண்ணு ஒருத்தி இதே எண்ணில் பேச இடமில்லாமல், மாலையில் நான் கதவைப் பாதி சாத்தும் நேரத்தில் வந்து பின்னால் பேப்பர் கட்டு அடுக்கியிருக்கும் இடத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறாள். ஏசி கிடையாது, கொசுதான். அவளுக்கு அது போதுமாம். அரசாங்கம் எண் கொடுத்துவிட்டது, கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நூலகத்தில் ஒரு மூலை, பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு அறை, ஏதாவது ஒன்று.

தம்பியை நேரில் ஒரு டாக்டர் பார்ப்பது நல்லது என்று இரண்டாவது அழைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் பக்கத்து மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. எது என்று சொல்லவில்லை, ஏனென்றால் முதலில் திட்டப் போகிறேன்.

காலை நாலரைக்கு எழுந்து ஐந்து மணி பஸ். டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது, அவனுக்கு உண்டு, அதில் அவனுக்கு ஒரு சின்ன கடுப்பு. அங்கிருந்து இன்னொரு பஸ், அது இரண்டு பேருக்கும் காசு. எட்டு மணிக்கு ஓபி சீட்டு வரிசை. சீட்டு வாங்கிக்கொண்டு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டதற்கு வாசலில் நின்ற ஆள், வராண்டா முழுக்கக் கேட்கும்படி, "மெண்டல் ஓபியா? நேராப் போய் லெஃப்ட்டு" என்றார். நாற்பது ஐம்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி அப்படியே திரும்பி நடந்துவிட்டான். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பிடித்தேன். நமக்கு 'கீழ்ப்பாக்கம்' என்றாலே திட்டுவார்த்தைதானே, 1794-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி, எத்தனை லட்சம் பேரைப் பார்த்திருக்கும், அந்த ஊர்ப் பேரையே நாம் கேலியாக்கி வைத்திருக்கிறோம். இருபது வயதுப் பையன் அந்த வார்த்தையைப் பொது இடத்தில் வாங்கிக்கொண்டு நிற்பான் என்று எப்படி எதிர்பார்ப்பது? இரண்டு டீ, ஒரு வடை, முக்கால் மணி நேரம். பிறகு அவனே எழுந்து, "வா, பஸ்ஸுக்குக் கொடுத்த காசு வீணாப் போகும்" என்றான்.

உள்ளே நடந்தது வேறு கதை. மேற்படிப்புப் படிக்கும் இளம் டாக்டர் ஒருவர், வயது முப்பதுக்குள்தான் இருக்கும், சட்டைப்பையில் பேனா மை கசிந்திருந்தது. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இருபத்தைந்து நிமிஷம் அவனிடம் தனியாகப் பேசினார், பிறகு அவனிடம் அனுமதி கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். அனுமதி கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அவனுக்கு அதைவிட. ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள், கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க். தம்பி அதைப் பார்த்து "இதுலயும் அரியர் வருமா சார்" என்று கேட்டானாம். தைராய்டும் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் பார்க்க ரத்தம் எடுத்தார்கள், உடம்புக் கோளாறே சில சமயம் இப்படித் தெரியுமாம். கடைசியில் நோயின் பேரைச் சொன்னார்: டிப்ரஷன், மனச்சோர்வு நோய், நடுத்தரம். பேர் தெரிந்ததும் அம்மாவுக்கு அழுகை, அவனுக்கு நிம்மதி. "அப்ப நான் சோம்பேறி இல்லல்ல" என்று பஸ்ஸில் என்னைப் பார்த்துக் கேட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாத்திரை ஒரே ஒரு வகை, காக்கிக் கவரில் போட்டு எப்போது சாப்பிடுவது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஃபீஸ் கிடையாது, மருந்துக்கும் கிடையாது. முதல் வாரம் குமட்டும், பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், நல்லாயிட்டேன் என்று நீயாக நிறுத்தாதே, இந்த வயதுக்காரர்களை ஆரம்ப வாரங்களில் வீட்டில் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துக்கொள்ளுங்கள், மனசு இன்னும் மோசமானால் தேதிக்குக் காத்திராமல் வந்துவிடுங்கள். இவ்வளவையும் சொன்னார்கள். நான் பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

ஆனால் பதினைந்து நாளைக்குத்தான் மாத்திரை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை கடையைச் சாத்த வேண்டும். இலவசம் என்பதற்கு என் கணக்கு இது: இரண்டு பேர் பஸ் 180, சாப்பாடு டீ 120, கடை வருமானம் போனது சுமார் 700, ஆக ஒரு தடவைக்கு ஆயிரம். மாதத்துக்கு இரண்டாயிரம். தனியார் கிளினிக் மாதம் 2,200. கூலிக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் போனால் ராத்திரிச் சாப்பாட்டில் தெரியும், அவர்கள் மூன்றாவது தடவை வரமாட்டார்கள். வரிசையில் எங்களுக்கு முன்னால் முதல் தடவை நின்ற ஒரு அம்மாவையும் பொண்ணையும் இரண்டாவது தடவையும் பார்த்தேன், அப்புறம் பார்க்கவில்லை.

ஐந்தாவது தடவை போனபோது, இவ்வளவு தூரத்திலிருந்து ஏன் வருகிறீர்கள் என்று ஒரு நர்ஸ் கேட்டார். உங்கள் தாலுகா ஜி.ஹெச்சுக்கே மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் குறிப்பிட்ட கிழமையில் வருவாரே, அதே மாத்திரை அங்கேயே கிடைக்குமே என்றார். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: உங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். போர்டில் தேடினால் கிடைக்காது, கேட்டால் சொல்வார்கள். இப்போது நாங்கள் அங்கேதான் போகிறோம், சைக்கிளில் பத்து நிமிஷம், மாதம் ஒரு தடவை, ஒன்பதரைக்குப் போனால் பதினொன்றுக்குக் கடை திறந்துவிடலாம்.

அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது, இப்படிச் சீட்டு எழுதினால் போலீஸ், வேலை, பாஸ்போர்ட் எதிலாவது வந்து நிற்குமோ என்று. பலருக்கும் இருக்கிறது. 2017 மனநல மருத்துவச் சட்டத்தில் அரசு வழியாகச் சிகிச்சை பெறுவது உரிமை என்றும், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்றும் தெளிவாக இருக்கிறது. உயிரை விட முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ம் பிரிவு 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை. அம்மாவுக்கு இதையெல்லாம் பிரிண்ட் எடுத்தே கொடுத்தேன். படிக்கவில்லை, ஆனால் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட். அந்த வாரம் முழுக்க என் கடை பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும், மார்க்கைப் பிரிண்ட் எடுக்க வருவார்கள். 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள், அதற்கு முன்னால் இருந்த கூச்சல் இப்போது பாதிகூட இல்லை, எனக்கு இரண்டு காலமும் தெரியும். ஃபெயில் ஆன பிள்ளை ஒன்று கூட்டமெல்லாம் போகும்வரை ஓரமாக நின்று, கடைசியில் வந்து துணைத்தேர்வு எப்போது என்று கேட்கும். ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம், சில வாரத்தில் திரும்ப எழுதலாம் என்று சொல்லும்போது அந்த முகத்தில் வருகிற மாற்றத்தை நான் பார்த்திருக்கிறேன். இந்த வாய்ப்பு வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தியவர்களில் சென்னையிலுள்ள ஸ்நேகாவும் ஒன்று என்று இந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன். 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு, பேசுபவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். எண் 044-24640050. சென்னையில் வேலை பார்க்கும் என் தோழி ஒருத்தி, ஒரு மோசமான வருஷத்தில், அங்கே பேசியதால்தான் தாக்குப்பிடித்ததாகச் சொன்னாள். அதை அவள் என்னிடம் சொன்னது என் தம்பி கதையை நான் சொன்ன பிறகுதான். பத்து வருஷப் பழக்கம் எங்களுக்கு.

மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்று மனநல நல்லாதரவு மன்றங்களை அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது, மாணவர்களே மாணவர்களுக்குத் துணையாக இருக்கும்படி. டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்குக் கிடைப்பது, தம்பி மாதிரி இன்ஜினியரிங், பாலிடெக்னிக், ஐடிஐ பிள்ளைகளுக்கும் எட்டினால் நன்றாக இருக்கும். மெல்பர்னில் இருக்கும் சித்தி மகளிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அங்கே ஹெட்ஸ்பேஸ் என்று மனநல மையங்கள் இருப்பதைச் சொன்னாள், 2006-லிருந்து நடக்கிறது, 12 வயது முதல் 25 வரை உள்ளவர்களுக்கு மட்டும். ஆஸ்பத்திரி மாதிரி இருக்காதாம், சோபா எல்லாம் போட்டுக் கடைத்தெருவில் இருக்குமாம், சளிக் காய்ச்சலுக்கு வந்தேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாமாம், ஏனென்றால் அதே இடத்தில் சாதாரண டாக்டரும் இருப்பார். அங்கேயும் காத்திருக்கும் வரிசை நீளம் என்று புகார் உண்டு, சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் மனநோய்களில் பாதி பதினாலு வயதுக்குள், முக்கால்வாசி இருபத்துநாலுக்குள் தலைகாட்டிவிடும் என்று ஆய்வுகள் சொல்லும்போது, அந்த வயதுக்காரர்கள் கூச்சமில்லாமல் நுழையக்கூடிய வாசலாக அல்லவா வைக்க வேண்டும்? நம் ஊரில் "மெண்டல் ஓபி, நேராப் போய் லெஃப்ட்டு".

மார்க் போடச் சொன்னால், போனுக்கு ஐந்துக்கு நாலரை, உள்ளே உட்கார்ந்து பார்த்த டாக்டருக்கு ஐந்துக்கு ஐந்து, வாசலில் நின்ற ஆளுக்கு ஒன்று, அந்த ஒன்றும் வழியைச் சரியாகச் சொன்னதற்காக. இலவசம் என்றால் மட்டமாக இருக்கும் என்று நினைத்துத்தான் நாங்கள் முதலில் காசு கொடுக்கிற இடத்துக்குப் போனோம், அது தப்புக் கணக்கு. மருத்துவத்தின் தரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அதுவரை போய்ச் சேருகிற தூரத்தில்தான்.

தம்பி ஜூனில் கல்லூரிக்குத் திரும்பினான், ஹாஸ்டல் வேண்டாம் என்று விட்டுவிட்டுத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறான். நாலில் இரண்டு அரியரை முடித்துவிட்டான். மாத்திரை இன்னும் ஓடுகிறது, நிறுத்துவதை டாக்டர்தான் முடிவு செய்வார். சில நாள் பழையபடி முகம் தொங்கும், நான் பயப்படுவேன், அவன் "ச்சும்மா டயர்டுக்கா" என்பான், சில சமயம் அது உண்மையாகவே டயர்டுதான். மட்டைக்குப் புது ரப்பர் சுற்றியிருக்கிறான்.

கடைக் கண்ணாடியில் ஜெராக்ஸ் ரேட் அட்டைக்குப் பக்கத்தில் நான் ஒரு ஏ4 தாள் ஒட்டியிருந்தேன், 'மன அழுத்தமா? மனநல உதவிக்கு 14416' என்று கொட்டை எழுத்தில். இரண்டு வாரம் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "இதை எவனாவது நின்னு படிப்பானாக்கா, பக்கத்துல நிக்கிறவன் பார்க்க மாட்டானா" என்று சொல்லிக் கிழித்துவிட்டு, சிஸ்டத்தில் உட்கார்ந்து அவனே ஒன்று தயார் பண்ணினான். மேலே ஜெராக்ஸ் ரேட், கலர் பிரிண்ட் ரேட், ஸ்பைரல் ரேட், அதற்கு அடியில் அதே எழுத்து அளவில் 'ராத்திரி தூக்கம் வரலைன்னா: 14416'. ரேட்டைப் போட்டோ எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போகிறார்கள். போன வாரம் ஒருநாள் காலையில் கடை திறந்தபோது தாளே இல்லை, நாலு மூலையிலும் செலோடேப் துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று பிரிண்ட் எடுத்து ஒட்டினேன்.